கஷாயம் படாத மண்

குப்பை ஆலையில் எதுவும் உடையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலாளர் மனம் நோகும். குப்பை மேட்டிலிருந்து ஊறி வடிகிற கறுப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற குட்டையின் கரை, ஒரு பெருமழைக்குப் பிறகு, "தற்காலிகமாகத் தன் வடிவத்தை இழந்தது". அறிக்கையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். வடிவத்தை இழந்த கரை வழியாக அந்தத் தண்ணீர் சரிவில் இறங்கி, கீழே வரிசையாக இருக்கும் வீடுகளின் கொல்லைப்புறங்களில் புகுந்து நின்றது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அதற்கு, "வாசனை குறித்துக் குடியிருப்பாளர்கள் சில கருத்துகளைத் தெரிவித்தனர்" என்று எழுதியிருந்தார்கள். இப்படி எழுதுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அவர் வீட்டில் யாராவது செத்துப்போனால்கூட, மூச்சு விடுவதில் சற்று நீண்ட இடைவெளி ஏற்பட்டுள்ளது என்றுதான் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்.

அந்தத் தண்ணீருக்குக் காகிதத்தில் கசிவுநீர் என்று பெயர். ஆலையில் வேலை செய்கிறவர்கள் கஷாயம் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பரிசோதிப்பது வேறு ஆள். நான் மண்ணை எடுத்து வருகிறவள். எங்கே என்ன கொட்டினாலும், சிந்தினாலும், கசிந்தாலும், மண்ணைத் துளைக்கிற திருகுகோலையும் கரண்டியையும் பைகளையும் தூக்கிக்கொண்டு நான்தான் போக வேண்டும். ஆலையிலிருந்து அழைப்பு வந்தபோது, அந்த வரிசையில் கடைசி வீடு என் அக்கா வீடு, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நியாயமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் உனக்கு வழி தெரியும், நீயே போ என்று சொல்லிவிட்டார்கள். நியாயம் பேசினால் எங்கள் கூடத்தில் கிடைக்கிற பரிசு அதுதான்.

அக்காவுக்கு ஒரே பெண் குழந்தை. நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பிறந்தபோது துணிக்குள் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து அத்தான் "பொட்டலம்" என்றார், அந்தப் பெயரே நின்றுவிட்டது. பொட்டலத்துக்குச் சோறு ஊட்ட வேண்டுமென்றால் அக்கா கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி ஓட வேண்டும். மண் என்றால் யாரும் ஊட்டவே வேண்டாம். கொல்லையில் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் வாய் நிறைய மண்ணோடு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். அக்கா விரலை விட்டுத் தோண்டி எடுப்பாள், திட்டுவாள், சிரிப்பாள். எங்கள் குடும்பத்தில் என்னைப்போலவே மண்ணை நம்பிப் பிழைக்கப் போகிறவள் என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

குட்டை உடைந்த செய்தி... மன்னிக்கவும், வடிவம் இழந்த செய்தி வந்ததும் எனக்கு அந்த வாய்தான் ஞாபகம் வந்தது. கொல்லை மண் கெட்டிருந்தால் பொட்டலத்தை அந்த வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எனக்கு வேண்டிய பதில் அவ்வளவுதான். உடனே போன் போட்டேன்.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

"உன் வீட்டுக்கா? அங்க நீ திரும்பிப் படுக்கணும்னாலே எழுந்து நின்னு யோசிக்கணும். நாங்க எங்க படுக்கறது?" என்றாள் அக்கா.

"நான் கட்டிலுக்கடியில படுத்துக்கறேன். வா."

"அவரு லாரி ஓட்டப் போயிருக்காரு, வர்ற நேரம் வீடு பூட்டிக் கிடந்தா நல்லாவா இருக்கும்? குடிக்கத் தண்ணி லாரி விட்டிருக்காங்க, ஒண்ணும் குறையில்ல. ரிப்போர்ட் வரட்டும். நீயே எடுக்கப்போற மண்ணுதானே, கெட்டுப்போச்சுன்னு நீ உன் வாயால சொல்லு, அன்னைக்கே கெளம்பி வந்துடறேன்."

"அது வரைக்கும் அவளைக் கொல்லைப் பக்கம் விடாத. அந்தக் கொல்லை மண்ணு ஒரு பிடிகூட வாய்க்குள்ள போகக் கூடாது."

"நான் பெத்தவடி. எனக்குத் தெரியாதா?"

என் அக்கா சொன்னதைச் செய்கிறவள். அது அவளிடம் எனக்கு எப்போதும் பிடித்த குணம்.

மண் எடுக்கப் போன அன்று மேலாளர் தாமே வாசலில் நின்று வரவேற்றார். மேலே அடித்திருந்த சென்ட்டின் மணம் அவருக்கு முன்னால் வந்து கைகுலுக்கியது. குப்பை ஆலையில் வேலை பார்க்கிறவர் கொஞ்சம் கூடுதலாக அடித்துக்கொள்வது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: குடியிருப்பாளர்களோடு பேசக் கூடாது, வீட்டுக்குள் போகக் கூடாது. பேசினால் முடிவில் செல்வாக்கு செலுத்தியதாக ஆகிவிடுமாம். அதனால் என் சொந்த அக்கா வீட்டுக் கொல்லைக்குப் பின்பக்க வேலி வழியாக நுழைந்து, சமையலறை ஜன்னலில் நின்றவளைப் பார்த்து, "வணக்கம் குடியிருப்பாளரே" என்று தலையை மட்டும் அசைத்தேன். அவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே பொட்டலத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வீடு வீடாகத் துளைத்து எடுத்தேன். மேல் மண் தனி, கீழ் மண் தனி, ஒவ்வொரு துளைக்கும் நடுவில் திருகுகோலைக் கழுவித் துடைத்து. மேலாளர் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கடைசியில் ஒன்று பாக்கியிருந்தது. எங்கள் தொழிலில் அதற்கு ஒப்பீட்டு மண் என்று பெயர். கெட்டுப்போனதா என்று தெரிய வேண்டுமானால் கெடாதது ஒன்று பக்கத்தில் வேண்டும் அல்லவா? கசிவு படாத இடத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து, அதையும் இதையும் சேர்த்துச் சோதிப்பார்கள். கசிவு பட்ட மண்ணில் விஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பாதிப்பு. இல்லையென்றால் பாதிப்பு இல்லை. விதி அப்படி.

"கசிவுநீர் படாத இடம்தானே மேடம்? எங்க ஆபீஸ் தோட்டம் இருக்கே" என்றார் மேலாளர்.

தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கே பொறாமையாக இருந்தது. சரிவுக்கு மேலே, அலுவலகத்துக்கு முன்னால், ரோஜாக்கள் ஒவ்வொன்றும் என் கை அகலத்துக்கு. வேலியோரம் பூசணிக்கொடி. அதில் காய்த்த காய்களை ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளின் காரில் ஏற்றி அனுப்புவாராம். கஷாயம் மேட்டில் ஏறாது; விதிப்படி இடம் சரி. நிழல் இருந்தது, குழாய் இருந்தது, இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. ரோஜாவுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து துளைத்தேன். மண் கறுகறுவென்று, பொலபொலவென்று, கையில் ஒட்டாமல் வந்தது. இப்படி ஒரு மண் அக்காவின் கொல்லையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று மேலாளர் போட்டோ எடுத்தார். இடுப்பு வலியிலிருந்து எழுந்துவிடலாம் என்ற சந்தோஷத்தில் சிரித்துத் தொலைத்தேன்.

சில நாள் கழித்து எங்கள் கூடத்தில் சோதனை செய்கிறவர் என்னைக் கூப்பிட்டார். எப்போதும் கையில் ஒரு புட்டியோடு திரிவதால் எல்லோருக்கும் அவர் புட்டிக்காரர்.

"ஏம்மா, லேபிளை மாத்தி ஒட்டிட்டியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க புட்டியை மாத்தி ஊத்திட்டீங்களான்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

"கோவிச்சுக்காத. கொல்லை மண்ணுல ஈயம் நிறைய இருக்கு. எல்லா வீட்டுலயும்தான். ஆனா ஒப்பீட்டு மண்ணுன்னு நீ எழுதியிருக்கியே, அதுல அதைவிட அதிகமா இருக்கு. நம்பாம மறுபடி போட்டுப் பாத்தேன். அதேதான் வருது."

"ஈயம் சின்னக் குழந்தைங்களுக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

அவர் புட்டியைக் கீழே வைத்தார். "மூளைக்குப் போகும். பெரியவங்க உடம்பு ஓரளவு தாங்கும். குழந்தைங்க தாங்காது. போனது திரும்ப வராதும்மா. ஏன், யாருக்கு?"

பதறியடித்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். அக்காவுக்கு வழியிலேயே போன் போட்டேன், அவள் எடுக்கவில்லை. கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்ததை நினைத்து மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எப்படியும் இந்த முடிவைக் காட்டினால் அந்த மண்ணை வெட்டி அள்ளிப்போட ஆலைக்காரர்கள் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று அசட்டுத்தனமாக நம்பினேன்.

மேலாளர் கையில் முடிவு ஏற்கெனவே இருந்தது. மேஜையில் ஒரு இனிப்புப் பெட்டியும் திறந்திருந்தது.

"வாங்க மேடம், எடுத்துக்குங்க. பாதிப்பு இல்லை."

"சார், நீங்க சரியாப் படிக்கலை. கொல்லை மண்ணு பூரா ஈயம்."

"ஒப்பீட்டு மண்ணைவிட அதிகமா இருக்கா?"

"இல்லை. ஆனா..."

"அதிகமா இருந்தாத்தான் பாதிப்பு. அதிகமா இல்லை. அப்போ பாதிப்பு இல்லை." சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல விரலை மடக்கிக் காட்டினார்.

"அப்படின்னா உங்க தோட்டம் அதைவிட மோசமா இருக்குன்னு அர்த்தம் சார்."

"தோட்டத்தைப் பத்தி யாரும் கேள்வியே கேக்கலையே மேடம்" என்றார் ஆச்சரியத்தோடு. "இன்னும் சொல்லப்போனா, கசிவுநீர் பட்ட மண்ணு எங்க தோட்டத்தைவிட சுத்தமா இருக்கு. இது ஒரு நல்ல விஷயம் இல்லையா?"

"அப்போ தோட்டத்துக்கும் கொஞ்சம் திறந்து விடுங்களேன். சுத்தமாயிடும்."

அவர் ஒரு கணம் அதை யோசித்தார். சத்தியமாக யோசித்தார். பிறகு, அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்றார்.

வேறு இடத்திலிருந்து ஒப்பீட்டு மண் எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். மேலாளர் அலைபேசியைத் திருப்பிக் காட்டினார். ரோஜாவுக்கு நடுவில், கையில் மண்ணோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான்.

"இடத்தை நீங்களே பாத்து, நீங்களே ஒத்துக்கிட்டு, சந்தோஷமா எடுத்திருக்கீங்க. இனிமே மாத்தினா, வேண்டிய பதில் வர்ற வரைக்கும் மண்ணு எடுத்தோம்னு நாலு பேர் பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் மேல் அவருக்கு இருந்த கரிசனத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். கையில் திருகுகோல் இல்லாதது அவர் நல்ல நேரம்தான்.

"அந்தத் தோட்டத்துக்கு மண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

இதைக் கேட்டதும் மனிதர் முகம் மலர்ந்தது. "எங்க சொந்தத் தயாரிப்பு மேடம். வர்ற குப்பையை மக்க வெச்சு, அரைச்சு உரமாக்கறோம். நம்பவே முடியலை இல்ல? அந்தப் பூசணிக்காய் எல்லாம் அதுலதான்."

"வர்ற குப்பைல பேட்டரி இருக்குமே சார். பழைய பெயின்ட் டப்பா இருக்குமே. எல்லாத்தையும் சேத்தா அரைக்கறீங்க?"

"பெருசு பெருசா இருக்கறதை எடுத்துடுவோம்" என்றார். "சுத்தியிருக்கிற வீடுகளுக்கும் வருஷா வருஷம் மூட்டை மூட்டையா இலவசமாத்தான் குடுக்கறோம். நல்லது பண்ணினா சொல்லிக்கக் கூடாதுன்னு நான் வெளிய சொல்றதில்லை."

அக்காவின் கொல்லையில் தக்காளிச் செடிகள் அப்படித் தளதளவென்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கஷாயம் வந்தது இந்த மழைக்குத்தான். அதற்கு முன்பே அந்தக் கொல்லைக்கு ஈயம் மூட்டையில் வந்து இறங்கியிருக்கிறது. பொட்டலம் தவழத் தொடங்கியதிலிருந்து அதைத்தான் தின்றிருக்கிறாள்.

"தெருவுக்கு ஏற்கெனவே ஆள் அனுப்பிட்டேன் மேடம். நல்ல சேதியைத் தள்ளிப் போடக் கூடாது பாருங்க" என்று மேலாளர் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. நான் சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் தண்ணீர் லாரி கடைசி முறையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று, மண் நன்றாக இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாகப் புழங்கலாம் என்று பாட்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டே ஊர்ந்தது. சோதித்தது மண்ணை, நற்சான்றிதழ் கிணற்றுக்கு. வாய்க்கு வந்ததைச் சொல்லி வண்டிக்காரரைத் திட்டிவிட்டு ஓடினேன். அவருக்குப் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ்.

"வா வா. உன் போட்டோ போட்டிருக்காங்க பாரு. உனக்குச் சிரிக்கத் தெரியும்னு இன்னைக்குத்தான்டி தெரிஞ்சுது. தெரு பூரா காட்டிட்டு வந்தேன், அதான் போனை எடுக்க முடியலை."

"துணிமணியை எடுத்து வை. இப்பவே கெளம்பணும்."

"நல்லா இருக்குன்னு நீதானே..."

"அது ஒண்ணும் நான் சொன்னது இல்லை. கொல்லை மண்ணு கெட்டிருக்கு. பக்கத்துல வெச்சுப் பாத்த மண்ணு அதைவிடக் கெட்டிருக்கு. அதனால இது நல்லாயிருக்குன்னு எழுதிட்டாங்க."

அக்கா நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது என்னடி நியாயம்?" என்றாள்.

"அவங்க நியாயம். கெளம்பு."

அவளுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. வரத்தானே செய்யும், மேலாளர் இனிப்பு கொடுத்து அனுப்பியிருந்தார், நான் இடியைக் கொண்டுவந்திருந்தேன். "சிரிச்சு போட்டோவுக்கு நிப்ப, அப்புறம் வந்து வயித்தைக் கலக்குவ" என்று முணுமுணுத்தாள். பிறகு சட்டென்று தணிந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"சரி விடு, பதறாத. கெட்டா கெட்டுட்டுப் போகுது, அவளுக்கு ஒண்ணும் ஆகலை. நீ போன்ல சொன்னியே, அன்னைக்குப் போட்ட தாழ்ப்பாள், இன்னும் திறக்கலை. மொத ரெண்டு நாள் மண்ணு கிடைக்காம ஒரே அழுகை. சுவத்தைப் போய்ச் சுரண்டறா, சுண்ணாம்பை நக்கறா. அதைத் தின்னா குடல் வெந்துடுமே, என்ன பண்றது? யோசிச்சு ஒரு ஏற்பாடு பண்ணேன். வந்து பாரு."

நடு அறையில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், பொட்டலத்தைக் குளிப்பாட்டுகிற அகலமான பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. தொட்டி நிறைய மண். கறுகறுவென்று, பொலபொலவென்று. அதற்கு நடுவில் பொட்டலம் கால்களை நீட்டி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதட்டிலிருந்து கன்னம் வரை கறுப்பு. பக்கத்தில், சுவரில் சாய்த்து, பாதி காலியான ஒரு மூட்டை. அதன் மேல் பச்சை நிறத்தில் ஆலையின் முத்திரை.

"போன தடவை குடுத்தது. பிரிக்காம எடுத்து வெச்சிருந்தேன். கஷாயம் படாத மண்ணு" என்றாள் அக்கா பெருமையாக. "வெளியில கண்ட எடத்துல அள்ளினா என்ன இருக்குமோ. இது அவங்க ஆபீஸ் தோட்டத்துக்கே போடறதாம், குடுக்கும்போது மேலாளரே சொன்னாரு. தின்னாத்தான் என்ன, இதையாவது தின்னட்டும்னு விட்டுட்டேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் எல்லாம்."

பொட்டலம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பிடி அள்ளி, எனக்கும் வேண்டுமா என்று கையை நீட்டினாள்.

நீட்டிய அந்தக் கையைத் திறந்து மண்ணைத் தட்டிவிட்டேன். பயமாக இருந்தது, அழுகை வந்தது, யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?" என்றாள். "சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லிடு."

சொன்னேன். உரம் எதிலிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது, புட்டிக்காரர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். சொல்லி முடித்ததும் அக்கா தொட்டியிலிருந்து பொட்டலத்தைத் தூக்கினாள். அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். விளையாட்டு என்று நினைத்துப் பொட்டலம் விரலைக் கடித்துச் சிரித்தாள். அக்கா குழாயடிக்குக் கொண்டுபோய் முகத்தைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"போதும்க்கா, போலாம்."

"இரு. இப்படியே எப்படிக் கூட்டிட்டுப் போறது. என்ன மாதிரி அம்மா இவன்னு கேப்பாங்க" என்றாள்.

மூன்றாவது முறையும் கழுவினாள். நான்தான் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் கதவைப் பூட்டுவதற்குச் சாவியை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"கல்லு இருந்தா தொண்டையில மாட்டிக்கும்னு சலிச்சுப் போட்டேன்டி" என்றாள். "தெனமும் காலையில உக்காந்து சலிச்சுப் போட்டேன்."